மலைப்பாதை அடைபட்டால் தொலைமருத்துவம் கைகொடுக்குமா?

கேள்வி ஃபெஞ்சல் புயலை வைத்து வந்திருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாளில் செல்போனில் டாக்டரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பொதுமக்கள் என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கைகொடுக்கும் என்றே சொல்வேன். யாரைக் கீழே இறக்கியே ஆக வேண்டும், யாரை மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்ற முடிவு அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் பாறை உருண்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். அதுவும் அடைபட்டால் ஜேசிபி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கொட்டும் மழையில் 108 வண்டியை இறக்கினால் நோயாளியோடு வண்டி ஓட்டுநரின் உயிரும் கூட வரும் அவசர மருத்துவ உதவியாளரின் உயிரும் சேர்ந்துதான் இறங்குகின்றன. அவசியமில்லாமல் ஒருவரை அனுப்பவும் கூடாது, அவசியமான ஒருவரை நிறுத்தி வைக்கவும் கூடாது. அதைத் தனியாக நின்று முடிவெடுக்கும் பாரம் சாதாரணமானதல்ல. போனில் ஒரு மருத்துவர் கூட இருந்தால் அந்தப் பாரம் பங்கிடப்படுகிறது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல தடவை பல்தடமே தெரியாது, வீக்கமும் இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். பிறகு கண் இமை சரியத் தொடங்கும். சேலத்தில் இருக்கும் மருத்துவர் அந்த இமையை வீடியோவில் பார்க்கிறார், கையைத் தூக்கச் சொல்கிறார், ஒன்று இரண்டு எண்ணச் சொல்லி மூச்சைக் கவனிக்கிறார். விஷமுறிவு ஊசி இங்கேயே தொடங்குகிறது, வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் கூடவே நடக்கிறது. கண்ணாடி விரியன் என்று சந்தேகம் வந்தால் 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது. இதற்கு லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பார்த்ததைச் சேலத்துக்குச் சொல்ல ஒரு போன் இருந்தால் போதும்.

சொல்கிற மருந்து மேலே இருக்க வேண்டுமே! விஷமுறிவு மருந்துக்குத் தொடக்க அளவே பொதுவாக 10 குப்பிகள், அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே போட அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினைக் குளிரில்தான் வைக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டரில் டீசலும் தீர்ந்தால் போனும் அணைந்துவிடும், ஃபிரிட்ஜும் நின்றுவிடும். அதனால் தொலைமருத்துவத்துக்கான செலவு என்று யாராவது கேட்டால் கேமராவுக்கு முன்னால் டீசலையும் மருந்துக் கையிருப்பையும்தான் எழுதிக் கொடுப்பேன்.

இன்னொன்று, இதைப் பேரிடர் அன்றைக்குத் தொடங்க முடியாது. ஆர்மீனியாவில் 1988 டிசம்பர் 7-இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. நாசாவின் உதவியோடு அமெரிக்க மருத்துவமனைகளையும் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானையும் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். ஆனால் இணைப்பு செயல்படத் தொடங்கியது 1989 மே மாதத்தில். தீக்காயம், மறுவாழ்வு, மனநலம் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. இடிபாட்டிலிருந்து தூக்கிய முதல் நாட்களுக்கு அது வந்து சேரவில்லை. நம்மிடம் இன்று அந்தக் குறை இருக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வந்துவிட்டன, அடுத்த மாதமே மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் மக்கள் நேரடியாக ஆலோசனை பெறும் வசதியும் வந்தது. வெயில் காயும் சாதாரண செவ்வாய்க்கிழமையில் சர்க்கரை நோயாளிக்கும் தோல் அரிப்புக்கும் அதைப் பயன்படுத்திப் பழகிய கைதான் புயலன்றும் தடுமாறாமல் பயன்படுத்தும். எதிர்முனை மருத்துவர் என் குரலையும், நான் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு என்று சொல்லும் வரிசையையும் முன்பே கேட்டுப் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிக்னல் விட்டுவிட்டு வரும்போது வீடியோவுக்கு மல்லுக்கட்டாதீர்கள். புண்ணின் படம், ஈ.சி.ஜி. படம், நாலு வரிச் செய்தி அனுப்பினால் சிக்னல் வந்த நொடியில் போய்ச் சேரும். புயல் நேரங்களில் ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்தால் இன்னொரு நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள்ள அரசு அனுமதிப்பதும் உண்டு, போன் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விட்டு வையுங்கள்.

மலையில் இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே சிலதைச் செய்யலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிரசவத் தேதியைக் கிராம சுகாதார செவிலியரிடம் மறுபடி சொல்லுங்கள். தேதி நெருங்கியிருந்தால் மழை எச்சரிக்கை வந்ததுமே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களும் அப்படித்தான், அதை எந்த வீடியோ காலும் செய்து தராது. பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகள் இரண்டு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 இரண்டையும் உங்கள் செவிலியரின் எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள், போன் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து வீட்டுப் போனில் அழைக்க வேண்டியிருக்கும்.