சென்னைக்குப் பக்கத்தில் வண்டித் தொல்லை இல்லாமல், காடும் மேடுமாகக் கிராவல் சைக்கிள் (மண், கல் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்ட எங்கே போகலாம்?

ஈசிஆரில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி அலுத்துவிட்டது, காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்புகிற தூரத்தில் தார் இல்லாத பாதை வேண்டும், டயர், காற்று விவரமும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கசப்பான சேதி. சாட்டிலைட் படத்தில் பச்சைக்கு நடுவே ஆசையாகத் தெரிகிற மண்பாதைகளில் பாதி காப்புக்காட்டுக்குள் இருக்கும். அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. சைக்கிள்தானே என்று யாரும் விடமாட்டார்கள். ஆகவே காட்டுக்குள் போகும் ஆசையை விட்டுவிட்டுக் காட்டோரத்தைப் பிடியுங்கள். கால்வாய்க் கரை, ஏரிக்கரை, காட்டோரச் சிற்றூர்களை இணைக்கும் கப்பி ரோடு ஆகிய மூன்றையும் கோத்தால் ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும்.

அப்படிக் கோக்கத் தோதான வட்டாரம் பூண்டி–ஊத்துக்கோட்டை. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வரும் கிருஷ்ணா கால்வாய், ஊத்துக்கோட்டை பக்கம் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மேலும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியில் விழுகிறது. கரைமேல் மண்பாதை உண்டு. ஒரே மூச்சில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்: பாலம், மதகு, மழையில் அரித்த இடம் என்று நடுநடுவே இறங்கி, ஊர் ரோட்டில் சுற்றி, மறுபடி ஏற வேண்டியிருக்கும். கரை நீர்வளத் துறையுடையது. ஆட்கள் இறங்கச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். தண்ணீர்ப் பக்கமாக மட்டும் ஓட்டவே கூடாது. உள்சரிவில் பாசி பிடித்த சிமென்ட் பலகைகள். சறுக்கி விழுந்தால் கைப்பிடிக்க எதுவும் இருக்காது, நீச்சல் தெரிந்தவரும் ஏறி வருவது சிரமம்.

கால்வாய்க் கரை சமதளம். மேடு வேண்டுமென்றால் பூண்டிக்கு மேற்கே, வடமேற்கே சீத்தஞ்சேரி, பெண்ணாலூர்பேட்டை, அல்லிக்குழி பக்கம் திரும்புங்கள். பெரிய மலை கிடையாது, செம்மண் குன்றுகள்தான். ஆனால் தரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவுவரை கிடக்கும். எல்லாம் குவார்ட்சைட் என்கிற கடினப் பாறை. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்ததும் இதே வகைக் கல்லில்தான் என்றால் எவ்வளவு கெட்டி, உடைந்தால் எவ்வளவு கூர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கல் சக்கரத்தை வழுக்கிவிடும், உடைந்த கல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பழைய டயரில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்தால் வீடு வந்து சேரலாம். கூடியம் குகைக்குப் போகும் வழியும் இதே கல்தான். அது வனத்துறை அனுமதியோடு நடந்து போகிற பாதை, சைக்கிளை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

கூழாங்கல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் அங்கேயே சுற்றும். உட்கார்ந்தபடி, ஒரு கியர் இலகுவாக வைத்து, ஒரே சீராக மிதியுங்கள். இறக்கத்தில் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திருப்பத்துக்குள் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கிக் கீழே தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் ஆடித்தான் வழி தேடும்.

வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு கோடும் நடுவே பச்சையும் தெரிந்தால் டிராக்டர் தடம். நாளைக்கு நாலைந்து வண்டி போனாலே அதிகம், அதுதான் உங்களுக்கு வேண்டியது. அகலமாக, வெளுத்து, ஓரத்து மரமெல்லாம் சாம்பல் பூத்து, கடைசியில் ஒரு பள்ளத்தில் முடிந்தால் கல்குவாரி ரோடு. செக்கச்செவேலென்று ஏரிக்குள் இறங்கும் அகலப் பாதை என்றால் சவுடு மண் லாரி போகிற இடம். இரண்டையும் தொடாதீர்கள், டிப்பருக்குப் பயந்து வந்துவிட்டு டிப்பர் வாயிலேயே போய் விழுந்த கதையாகிவிடும். காப்புக்காட்டு எல்லையையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் சரிபார்த்து, படத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். குன்றுகளுக்குப் பின்னால் சிக்னலை நம்ப முடியாது.

நிஜமான மலை வேண்டுமென்றால் ஜவ்வாது மலை. அதற்கு ஒரு ராத்திரி தங்க வேண்டும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு, அல்லது வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறுவது தார் ரோட்டில்தான். மேலே போனபின் சாமை வயல்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் போகும் கிளைப்பாதைகளில்தான் சுகம். வருடா வருடம் ஏதாவது ஒன்றுக்குத் தார் போட்டுவிடுகிறார்கள், பழைய பதிவுகளை நம்பிப் போகாதீர்கள். ஏலகிரியைக் கேட்பவர்களுக்கு: பதினான்கு கொண்டை ஊசி வளைவும் தார், வார இறுதியில் கார் வரிசை.

வண்டிக்கு வருவோம். தனி கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. டிஸ்க் பிரேக்கும் 38 மில்லிமீட்டர் டயர் நுழைய இடமும் உள்ள ஹைப்ரிட் (ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான சைக்கிள்) போதும். 28 மில்லிமீட்டர் டயர் வேலைக்கு ஆகாது. எழுபது கிலோ எடையுள்ளவர், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் (உள்ளே டியூப் இல்லாதது) என்றால் காற்றழுத்தத்தை முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டியூப் இருந்தால் 38, 42. காற்றை இதைவிட ஏற்றி வைத்தால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். டியூபில் இதைவிடக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். மிக இலகுவான கியரில் பின்பல் எண்ணிக்கை முன்பல்லைவிடக் கூடுதலாக இருக்கட்டும்: முன்னால் 30 பல், பின்னால் 34 பல் சரி.

நம் பக்கத்தில் சவாரியைக் கெடுக்கும் முதல் வில்லன் கல் இல்லை, சீமைக்கருவேல முள். ஏரிக்கரை முழுக்க அதுதான், கீழே நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். டியூப்லெஸ் டயரில் 60 மில்லி சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி ஓட்டுவதே நிம்மதி. நம் வெயிலுக்கு அது இரண்டு மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள், சளசளப்பு கேட்காவிட்டால் மறுபடி ஊற்றுங்கள். டியூப் வண்டியில் பலரும் செய்யும் தவறு, பஞ்சரானதும் டியூபை மட்டும் மாற்றிக் காற்றடிப்பது. கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். வெளியே கரும்புள்ளிதான் தெரியும். பஞ்சு அல்லது பழைய பனியன் துணியை உள்பக்கம் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவாதீர்கள், குத்தும். டயரை அந்த இடத்தில் வளைத்து நுனியை வெளியே தள்ளிச் சிறிய இடுக்கியால் பிடுங்கிவிட்டுப் புது டியூபைப் போடுங்கள். இரண்டு டியூபாவது வேண்டும். உங்கள் வால்வு பிரெஸ்டா (நுனியில் திருகு உள்ள ஒல்லி வால்வு) என்றால் ஊர்க்கடைப் பம்ப் பொருந்தாது. பித்தளை அடாப்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று எப்படியும் தொலையும்.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு, கூடவே இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்து கடந்துவிடுங்கள்.

டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை சரியான காலம். மார்ச்சுக்கு மேல் போவதானால் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பெருமழை பெய்தால் செம்மண் மேட்டுக்கு ஒரு நாள் வெயில் போதும், ஏரிக்கரைக் களிமண்ணுக்கு மூன்று நாளாவது வேண்டும். அதற்குள் போனால் ஐம்பதடியில் மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்; அப்புறம் தோளில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.