நாற்பது வயதில் சிறுவர் கதை படிக்கலாமா?

நாற்பது வயதில் சிறுவர் நூல்களை ரசிப்பது விசித்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ரசியுங்கள். 1943-இல் வெளிவந்த ‘குட்டி இளவரசன்’ நூலைப் பெரியவரான தன் நண்பருக்குச் சமர்ப்பித்த பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபரி, அதற்காகக் குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே மன்னிப்புக் கேட்கிறார். பெரியவர்களும் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அதில் ஒரு வியாபாரி வருவார். நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே இருப்பார்: 50 கோடியே 16 லட்சத்து 22 ஆயிரத்து 731. அணைந்துபோன சிகரெட்டைத் திரும்பப் பற்றவைக்கவும் அவருக்கு நேரமில்லை. சிறுவயதில் நான் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. போன மாதக் கடைசியில், வீட்டுக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது அந்த சிகரெட்டிலேயே நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் படிக்கக் கூச்சமாக இருந்தால் செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொள்ளுங்கள்.