கொடி பிடிக்கும் கைடுக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருவிடைமருதூர் பக்கம். எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. அவருக்கு முட்டிவலி உண்டு. இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததோடு சரி, எங்கும் போனதில்லை. சிங்கப்பூர், மலேசியா ஏழு நாள் குரூப் டூருக்குச் சென்னை நிறுவனம் ஒன்று தலைக்கு 1,18,000 ரூபாய் கேட்கிறது. மாப்பிள்ளையோ, 'எதுக்கு மாமா, நீங்களே போனால் ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,40,000-க்குள் முடியும்' என்கிறார். கையில் 2 லட்சம் இருக்கிறது. குறைந்தால் கூட்டுறவு வங்கியில் விவசாய நகைக்கடன் வாங்கலாமா? அடுத்த வருஷம் ஐரோப்பா போகவும் ஆசை.

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். நகைக்கடன் வேண்டாம். அது பயிருக்கு என்று குறைந்த வட்டியில் தருகிற பணம். அதில் ஊர் சுற்றுவது முறையும் இல்லை, திருப்பிக் கட்டும்போது சுற்றிய சந்தோஷமும் நிற்காது.

இனி கணக்கு. நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலைப் பின்பக்கம் வரை படித்தேன். 2,36,000 என்பது ஆரம்பம்தான். அதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 11,800 ரூபாய். இது திரும்பி வராது. அடுத்தது டி.சி.எஸ்., அதாவது விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முன்பு 10 லட்சம் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமும் பிடித்தார்கள். 2026 ஏப்ரல் முதல் எல்லாவற்றுக்கும் 2 சதவீதம். உங்களுக்குச் சுமார் 5,000 வரும். இது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். பொடி எழுத்தில் இன்னொன்று: கைடுக்கும் டிரைவருக்கும் 'டிப்ஸ்' தலைக்கு நாளுக்கு 5 சிங்கப்பூர் டாலர். இரண்டு பேர், ஏழு நாள், 70 டாலர். ஐயாயிரத்தை ஒட்டி வரும். விரும்பிக் கொடுப்பதற்குப் பெயர்தான் டிப்ஸ் என்று நான் நினைத்திருந்தேன். மதியச் சாப்பாடு பட்டியலிலேயே இல்லை. விமானம் சென்னையிலிருந்து, ஆகவே உழவன் எக்ஸ்பிரஸ், ஒரு ராத்திரி லாட்ஜ், மீனம்பாக்கத்துக்கு டாக்சி. எல்லாம் சேர்த்தால் 2,70,000 தொட்டுவிடும்.

மாப்பிள்ளை கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. அவர் வயதில் அவர் போனால் 1,40,000 சரி. உங்களுக்கு நான் போட்டது இது: திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு நேரே திருச்சி என்று இருவருக்கும் பெட்டி எடையோடு டிக்கெட் 52,000. சிங்கப்பூரில் மூன்று ராத்திரி அறை 33,000 (சின்ன அறைதான், அந்த ஊர் விலை அப்படி), கோலாலம்பூரில் மூன்று ராத்திரி 13,000. சாப்பாடு 22,000, நுழைவுச்சீட்டுகள் 20,000, டாக்சி ரயில் 14,000, சிங்கப்பூர் விசாவும் இன்சூரன்சும் 8,000. மொத்தம் 1,62,000. கைக்காவலாக 13,000 சேர்த்து 1,75,000 என்று வையுங்கள். விலை பருவத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனாலும் கையில் இருக்கும் 2 லட்சத்துக்குள் முடிகிறது. டிக்கெட்டையும் ஹோட்டலையும் தனித்தனியாக நீங்களே போட்டால் அது டூர் பேக்கேஜ் ஆகாது, டி.சி.எஸ். தொல்லையும் இல்லை.

ஆக, கொடி பிடித்து முன்னால் நடக்கிற கைடுக்கு ஒரு லட்சத்தை ஒட்டித் தருகிறீர்கள். தரலாமா? எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. நம் பக்கத்தில் அங்கே வேலைக்குப் போகாத ஆள் இருக்கிற தெருவே கிடையாது. தேக்காவில் (அந்த ஊர் 'லிட்டில் இந்தியா') அறை எடுத்தால் காலையில் இட்லி, பக்கத்திலேயே கோயில், வழி கேட்கத் தமிழ். அந்த ஊரில் எதற்குக் கைடு?

சில வருஷம் முன்பு நானே அம்மாவைக் குரூப் டூரில் அழைத்துப் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலை முருகன் கோயிலில் பஸ்ஸை நிறுத்தி 45 நிமிஷம் கொடுத்தார்கள். மொத்தம் 272 படி. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிக்கு வந்தபோது கீழே கொடி ஆடியது. 'இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்டா' என்று திரும்பிவிட்டார். அடுத்த நிறுத்தம் சாக்லேட் கடை. அங்கே ஒன்றேகால் மணி நேரம். அம்மாவுக்குச் சர்க்கரை.

உங்கள் மனைவியின் முட்டிக்கு குரூப்தான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைத் தாராளமாக டாக்சிக்குச் செலவழியுங்கள். விமான டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ் மலிவு என்று மாப்பிள்ளை சொல்வார். ஆனால் எல்லையில் இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும். அதனால்தான் விமானம் போட்டேன். இன்சூரன்ஸ் படிவத்தில் பிரஷர், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு பைசா வராது.

மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம். சிங்கப்பூர் விசா அங்கீகரித்த ஏஜென்ட் மூலம் எடுக்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற இணையதளம் போலி. அங்கே கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, அந்த ஊர் காசிலா' என்று மெஷின் கேட்டால் ஊர் காசையே தட்டுங்கள். ரூபாய் என்றால் விலை கூடும்.

ஐரோப்பாவுக்கு மட்டும் என் பதில் வேறு. ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. சென்னையில் கைரேகை, வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோ காப்பீடு என்று வேலை நிறைய. அப்புறம் நாலைந்து நாடு, ரயில் மாறும்போதெல்லாம் பெட்டி தூக்க வேண்டும், சைவச் சாப்பாடு தேட வேண்டும். முதல் தடவைக்கு அங்கே குரூப்பில் போங்கள், அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன் மட்டும், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும், யூரோ விலை ஏறினால் யார் தலையில் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த வருஷமே போக வேண்டுமா என்றும் யோசியுங்கள், அதற்கான பணம் உங்கள் கடிதத்தில் எங்கும் தென்படவில்லை.

எப்போது போகலாம்? சம்பா அறுவடை முடிந்து மாசியில் போங்கள். மே மாதம் பள்ளி விடுமுறை, டிக்கெட் எகிறும். தைப்பூசத்தில் பத்துமலை பக்கமே வேண்டாம், லட்சக்கணக்கில் கூட்டம். சாதாரண நாளில் கே.எல். சென்ட்ரலிலிருந்து மின்ரயில் பத்துமலை அடிவாரத்துக்கே போகிறது. விடிகாலையில் போய், மனைவியை நிதானமாக ஏறச் சொல்லுங்கள். பழப் பையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.