1952-ல் டெல்லி போன பெண்கள்

கேள்வி: முதல் பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டுப் பெண்கள் யாராவது எம்.பி. ஆனார்களா? நம்ம நெல்லைச் சீமையில்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதன், திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகர் ஜெயித்தார்கள். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், சங்கரநயினார்கோவில் மூன்றிலும் ஆண்களே.

அப்போது எம்.பி. தேர்தலில் நிற்கப் பொதுவாக டெபாசிட் 500 ரூபாய். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் பணம் போச்சு. ஓட்டுச்சாவடியில் வேட்பாளர் ஆளுக்கொரு பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும், முத்திரை குத்தும் வேலை கிடையாது.

உண்மையான வில்லங்கம் வாக்காளர் பட்டியலில்தான். முக்கியமாக வட மாநிலங்களில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கிவிட்டார்கள். பட்டியலில் இல்லாதவர் ஓட்டுப் போடவும் முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது.

நம்ம பக்கம் பிற்பாடு ஜெயித்த பெண்கள் என்றால், 2004-ல் திருச்செந்தூரில் ராதிகா செல்வி, 2019-லும் 2024-லும் தூத்துக்குடியில் கனிமொழி.