18 கிலோ குறைத்த பிறகு பழையபடி சாப்பிடலாமா?

கேள்வி: ஒரு வருடம் டயட், ஜிம் என்று இருந்து 18 கிலோ குறைத்துவிட்டேன். இனிப் பழையபடி சாப்பிடலாமா, இல்லை ஆயுசு பூராவும் இப்படியேதான் இருக்க வேண்டுமா? இன்னும் எத்தனை காலம்?

பழையபடி சாப்பிட முடியாது. அதே சமயம் இப்போது சாப்பிடுகிற மாதிரியே காலம் முழுக்கச் சாப்பிட வேண்டியதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சாப்பாடு இருக்கிறது, அதை யாரும் சார்ட் போட்டுத் தர மாட்டார்கள், நீங்களே மூன்று நான்கு மாதம் பொறுமையாக இருந்து கண்டுபிடிக்க வேண்டும். எடை குறைக்கச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைத்ததை வைத்துக்கொள்வது பற்றிப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு, ஏனென்றால் அதில் முன்–பின் படம் போட ஒன்றும் கிடையாது. நான் கோயம்புத்தூர், கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற பிழைப்பு. 94 கிலோவில் இருந்து 76-க்கு வந்து சில வருடங்களாக அந்தப் பக்கத்திலேயே இருக்கிறேன். நான் டயட்டீஷியன் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பசி விஷயம். எடை குறைந்ததும் பசியும் கூடவே குறைந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. 94 கிலோ உடம்பை நடத்த ஆகிற செலவு 76 கிலோவுக்கு ஆகாது, அது வெறும் கணக்கு, அதைப் புரிந்துகொள்வது சுலபம். சங்கடம் மறுபக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய குழுவும் 2016-ல் போட்ட கணக்குப்படி, குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு எரிப்பது நாளைக்கு 20, 30 கலோரி குறைகிறது, ஆனால் பசி சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. அதாவது செலவு குறைவதைவிட மூன்று மடங்குக்கு மேல் பசி கூடுகிறது. அதற்கு முன்பே 2011-ல் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் டயட்டில் வைத்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் இன்னும் தாழ்ந்தே இருந்தது, பசியைக் கிளப்புகிற கிரெலின் ஏறியே இருந்தது. ஒரு வருடம் ஆகியும்! அதனால் டயட் முடிந்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், அதற்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று திட்டுகிற சித்தப்பாவின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உடம்பு அதன் வேலையைப் பார்க்கிறது.

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாப்பாட்டை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். இப்போது 1,500 கலோரி சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100, 150 என்று ஏற்றிக்கொண்டே போய், எடை எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். 100, 150 என்றால் இரண்டு இட்லி, அல்லது ஒரு கைப்பிடி நிலக்கடலை, அவ்வளவுதான். அதை நாளில் எந்த நேரம் பசி உயிரை எடுக்கிறதோ அந்த நேரத்தில் சேருங்கள். எனக்கு அது சாயங்காலம் ஐந்தரை. ஆபீஸ் விட்டு வெளியே வந்தால் தள்ளுவண்டிக் காளான் வாசம் மூக்கைப் பிடித்து இழுக்கும் (பேர்தான் காளான், உள்ளே முக்கால்வாசி முட்டைக்கோஸும் மைதாவும்தான், இருந்தாலும் அந்தச் சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் இருக்கிறதே). அதனால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்த கலோரியில் முதல் பங்கை ஐந்து மணிச் சுண்டலுக்குக் கொடுத்தேன். காளானை விடவில்லை, மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு தடவை உண்டு, ஆனால் பசியோடு அந்த வண்டிப் பக்கம் போவதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டைக் கூட்ட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோகூட ஏறலாம். பயப்படாதீர்கள். பேலியோ மாதிரி மாவுச்சத்தை வெட்டுகிற டயட்டில் இருந்தவர்களுக்கு இது பெரும்பாலும் நடக்கும். சோறு திரும்ப உள்ளே போனதும் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் சேரும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அது கொழுப்பு இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு கல்யாணப் பந்தி முடிந்து மறுநாள் எடை பார்த்து, இரண்டு கிலோ ஏறிவிட்டது, எல்லாம் போச்சு என்று மனசு விட்டுப்போய், அன்றைக்கு மதியமே பரோட்டாக் கடைக்குப் போனார். அந்தப் பந்தியில் அவர் சாப்பிட்டது அதிகபட்சம் கால் கிலோ கொழுப்பாகக்கூட மாறியிருக்காது. அதற்குப் பிறகு ஆறு மாதம் 'எப்படியும் போச்சு' என்று சாப்பிட்டார் பாருங்கள், அது மாறியது.

எடை பார்க்கிற மெஷினை எடுத்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். காலையில் கழிவறை போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், ஏறி இறங்கி ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். தினமும் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள், தினசரி ஏற்ற இறக்கத்துக்கு உப்பு, ஊறுகாய், தூக்கம் என்று நூறு காரணம் இருக்கும். என் எடையையே உதாரணமாக வைத்துச் சொன்னால், 76 என்று ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்காமல் 75-க்கும் 78-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆனால் 78-ஐத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே, எடை சரியாக இருக்கும்போதே, எழுதி வையுங்கள். ஏறிய பிறகு யோசித்தால் மனசு ஆயிரம் சாக்குச் சொல்லும்: தீபாவளி போகட்டும், மழை விடட்டும், ஆடிட் முடியட்டும். என் தாள் சின்னதுதான். இரண்டு வாரம் ராத்திரிக்கு இரண்டு தோசையோடு நிறுத்துவது, டீயில் சர்க்கரை இல்லை, வெளிச்சாப்பாடு இல்லை.

இது நானாகக் கண்டுபிடித்த வித்தை கிடையாது. அமெரிக்காவில் எடை குறைத்து முடித்த 314 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். தினமும் எடை பார்க்கச் சொல்லி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று எல்லை வைத்து, சிவப்புக்குப் போனால் உடனே திரும்ப டயட்டுக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. நேரில் கூடிப் பேசிய குழுவில் 18 மாதத்துக்குள் 2.3 கிலோ, அதற்கு மேல் ஏறியவர்கள் 46 சதவீதம். தபாலில் வெறும் செய்திமடல் வாங்கிக்கொண்டிருந்த குழுவில் 72 சதவீதம். நல்ல முறையிலேயே பாதிப்பேருக்குக் கிட்டத்தட்ட ஏறியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள், அவ்வளவு கஷ்டமான வேலை இது. ஒரு விதிவிலக்கு: எடை பார்த்தாலே மனசு பதறுகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்கிற நிலை யாருக்காவது இருந்தால் மெஷினை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கலோரி எண்ணுகிற ஆப்பை நீங்கள் எப்படியும் ஒரு நாள் விட்டுவிடுவீர்கள். நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நான் வைத்திருப்பது எண்ணெய்க் கணக்கு. புதிய எண்ணெய் பாக்கெட்டை டப்பாவில் ஊற்றியதும் டப்பா மேலே மார்க்கரால் தேதி எழுதிவிடுவேன். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. வீட்டில் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் கூடுதலாகச் செலவானால் நாளைக்கு 130 கலோரிக்கு மேல் யாருக்கும் தெரியாமல் உள்ளே போகிறது என்று அர்த்தம். சோற்றை அளந்து அளந்து வைக்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. டப்பா வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாகக் காலியானால் எடை ஏறப்போகிறது என்று எனக்கு மெஷினுக்கு முன்பே தெரிந்துவிடும்.

தனிச் சமையலையும் நிறுத்துங்கள். டயட் காலத்தில் உங்களுக்கு மட்டும் தனிக் கிண்ணம், தனிக் காய் என்று நடந்திருக்கும், வீட்டில் இருப்பவர்களும் எத்தனை நாளைக்குச் செய்வார்கள்? எல்லோரும் சாப்பிடுவதையே கொஞ்சம் மாற்றிச் சாப்பிடுவதுதான் நிற்கும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் அரிசியும் பருப்பும் உறுதி. முன்பு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, இப்போது சரிபாதி. முதல் இரண்டு தடவை முனகல் இருந்தது, சின்ன வெங்காயமும் பூண்டும் கூடப்போட்டு, மேலே ஒரே ஒரு கரண்டி நெய் விட்டதும் அடங்கிவிட்டது. கொள்ளுப்பருப்பு, கொள்ளு ரசம் எல்லாம் நம் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது, புரதத்துக்காக டப்பா பவுடர் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒன்றுக்கு ஆறு கிராம் புரதம், இன்னும் சுலபம்.

உடற்பயிற்சிக்கு வருவோம். எடை குறைப்பதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குத்தான், ஜிம்மை நம்பிக் குறைத்தவர்கள் கொஞ்சம்தான். ஆனால் குறைத்ததை வைத்துக்கொள்வதில் பயிற்சியின் கை ஓங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு எடைக்குறைப்புப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, இழந்ததில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பி வந்திருந்தது, அவர்களுடைய உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. இந்தச் செய்தியை எல்லோரும் பகிர்ந்தார்கள். அதே ஆட்களை வைத்து அடுத்த வருடம் வந்த ஆய்வைப் பற்றிப் பேச்சே இல்லை: எடையைத் தக்கவைத்தவர்கள், உடல் உழைப்பை மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட்டியிருந்தார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் சங்கமும் (ACSM) எடை திரும்ப ஏறாமல் இருக்க வாரம் 250 நிமிடத்துக்கு மேல் தேவை என்கிறது. பொதுவான ஆரோக்கியத்துக்குச் சொல்கிற 150 நிமிடம் இதற்குப் போதாது.

250 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம், வாரத்தில் ஆறு நாள் முக்கால் மணி நேரம் நடந்தால் கணக்குத் தாண்டிவிடும். ஆனால் ஐப்பசி மழையிலும் நடக்கிற மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் நடக்கப் போகிற ரேஸ்கோர்ஸில் விடிகாலையில் பாருங்கள், சித்திரையில் இருக்கிற கூட்டத்தில் பாதி கார்த்திகையில் இருக்காது. நான் மழை நாளில் அப்பார்ட்மெண்ட் படிக்கட்டு ஏறி இறங்குவேன், வாட்ச்மேன் அண்ணன் "ஏனுங்க, லிப்ட் ரிப்பேருங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். கூடவே வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள், இல்லை வீட்டிலேயே தண்டால், பஸ்கி எடுங்கள். டயட்டில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் போயிருக்கும், அதை மீட்க நடை மட்டும் போதாது.

இனி ஊர் வாய். குறைக்கும்போது முதலில் "என்ன கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டே, சுகர் கிகர் இருக்கா?" என்று அத்தை கேட்பார். அப்புறம் கொஞ்ச நாள் எல்லோரும் பாராட்டுவார்கள். அதற்கப்புறம் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எடையும் அசையாது, பேண்ட் அளவும் மாறாது, அதே சாப்பாட்டை அதே கவனத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். விருந்துக்குப் போனால் "இன்னுமா டயட்டு? அதான் குறைஞ்சாச்சே" என்று இன்னொரு லட்டை வைப்பார்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்தச் சலிப்பில்தான் என்பது என் அபிப்பிராயம். நடைக்கு ஒரு கூட்டாளி பிடித்துக்கொள்ளுங்கள், மலையேற்றம், பாட்மிண்டன், பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று எடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு இலக்கை வைத்துக்கொள்ளுங்கள். எண் நகராத காலத்தில் நகர்வதற்கு வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

எத்தனை காலம் என்று கேட்டிருந்தீர்கள். கவனம் ஆயுசுக்கும் வேண்டும், ஆனால் இதே அளவு சிரமம் ஆயுசுக்கும் இருக்காது. எடை குறைத்துத் தக்கவைத்தவர்களின் விவரங்களை அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு பதிவேட்டில் சேகரித்திருக்கிறார்கள். அதில் தெரிந்த நல்ல செய்தி, இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் அதற்குப் பிறகும் நிலைக்கிற வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. முதல் இரண்டு வருடம்தான் முழுக் கவனம் தேவைப்படுகிற காலம்.

கடைசியாக மருந்து. 2025-ல் இந்தியாவுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் எதையாவது போட்டுக் குறைத்திருந்தால், நான் மேலே எழுதியதை மட்டும் நம்பி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததைச் சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். எப்போது, எப்படி நிறுத்துவது என்பது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். சுகர், பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்களும் பழைய எடைக்கு எழுதிய அளவையே தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்காமல் ஒருதரம் காட்டிவிடுங்கள், 18 கிலோ குறைந்த உடம்புக்கு அந்த அளவு அதிகமாகித் தலைசுற்றல் வரலாம்.