ராத்திரியில் தானாக இறங்கும் டெயில்கேட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லாரியின் பின்புறம் சரக்கை ஏற்றி இறக்கும் டெயில்கேட் பலகையை மாலையில் லாரித் தளத்துக்குச் சமமாக உயர்த்தி நிறுத்தினால், காலையில் ஒரு சாண் இறங்கிக் கிடக்கிறது. எண்ணெய் பிரஷரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கூட்டச் சொல்லலாமா?
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: வேண்டவே வேண்டாம். பிரஷர் திருகு இருப்பது ரிலீஃப் வால்வில். மோட்டார் ஓடும்போது பலகை எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று எல்லை கட்டுவதுதான் அதன் வேலை. மோட்டார் நின்றபின் பலகையைத் தாங்குபவை இறக்கும் வால்வும் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும். திருகை முறுக்கினால் பலகை இறங்குவது நிற்காது. அனுமதித்த எடைக்கு மேல் தூக்கத் தொடங்கி, நாளடைவில் வெல்டிங் விரிந்துவிடும். முத்திரையிட்ட அந்தத் திருகை யாரும் தொட விடாதீர்கள்.

பகல் சூட்டில் இருந்த எண்ணெய் ராத்திரியில் குளிர்ந்து சுருங்குவதால் பலகை சற்றே இறங்கும். சில மில்லிமீட்டர் என்றால் கவலை இல்லை. ஒரு சாண் என்பது நிச்சயம் கசிவு.

முதலில், இறக்கும் வால்வில் கையால் திறக்கும் அவசரத் திருகு இருந்தால், அது முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்த்தபின் அரைச் சுற்று திறந்தபடி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து சீல். பெரும்பாலான தூக்கும் சிலிண்டர்களில் தண்டு வெளிவரும் பக்கத்திலிருந்து எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். பலகையைத் தரையில் இறக்கி அந்தக் குழாயைத் தொட்டிப் பக்கம் கழற்றி, நுனியை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். தொட்டியின் துவாரத்தை அடைத்துவிடுங்கள். பலகையை அரை அடி மட்டும் உயர்த்துங்கள். உயரும்போது கொஞ்சம் எண்ணெய் வரலாம். அது உள்ளே தேங்கியிருந்தது, கணக்கில் சேராது. நிறுத்திய பிறகு கால் மணி நேரம் பாருங்கள். சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த சிலிண்டரின் சீல் தேய்ந்துவிட்டது. இரண்டு சிலிண்டரையும் தனித்தனியே சோதியுங்கள். மாற்றும்போது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு சொட்டும் வராமல் பலகை மட்டும் இறங்கினால் குற்றம் வால்வில்தான். அதைக் கழற்றிக் கழுவி ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

சோதனை நடக்கும்போது பலகைக்கு அடியில் காலையோ கையையோ விடாதீர்கள். கசியும் குழாயை விரலால் தடவவும் கூடாது: ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கேள்வி: காலையில் நன்றாகத் தூக்குகிறது. பாசிர் பாஞ்சாங்கில் சரக்கு ஏற்றி நாலைந்து கடை இறக்கியதும் மோட்டார் முனகி மெதுவாகிவிடுகிறது. பம்ப் போய்விட்டதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பம்ப்பைச் சந்தேகிக்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். பாரம் தூக்கும்போது இந்த மோட்டார் நூறு ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். கடைக்குக் கடை கொஞ்ச தூரமே ஓடுவதால் பேட்டரி அதைத் திரும்பப் பெறுவதில்லை. நிறுத்திய வண்டியின் எஞ்சினைச் சும்மா ஓடவிட சிங்கப்பூரில் சட்டம் இடம் தராது. ராத்திரியில் சார்ஜரில் போடுவதே வழி.

பாரத்தோடு தூக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை மோட்டார் உடம்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளின் முனை துருப்பிடித்திருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் இது சகஜம். முனையைக் கழற்றி உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். அதுவும் சரியாக இருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலே, அப்புறம் மோட்டார் பிரஷ், கடைசியில்தான் பம்ப்.

கேள்வி: தொட்டி எண்ணெய் பால் போல இருக்கிறது. கையிலிருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கூடாது, பிரேக் ஆயில் பட்டால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொட்டியின் காற்றுத் துளை மூடி, தண்டைத் துடைக்கும் வெளிச் சீல் இரண்டையும் பாருங்கள். எண்ணெய் முழுவதையும் வடித்து, கையேட்டில் சொன்ன தரத்தை ஊற்றுங்கள். பல டெயில்கேட்களுக்கு, எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் விஜி எண் 15 முதல் 32 வரை. அளவு பார்ப்பதும் நிரப்புவதும் பலகை தரையில் இருக்கும்போதுதான். மேலே இருக்கும்போது நிரப்பினால், இறக்கியதும் சிலிண்டர் எண்ணெய் திரும்பி வந்து தொட்டி வழியும். நிரப்பியபின் பாரமில்லாமல் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, அளவை மறுபடி பாருங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.