செல் உயிரியலில் ஆய்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலியில் விலங்கியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். செல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். இந்தியாவிலேயே செய்வதா, வெளிநாடு செல்வதா என்று தெளிவில்லை. பிறகு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின்னான தற்காலிக ஆய்வுப் பணி, என்று மேலும் சில ஆண்டுகள் போகும் என்கிறார்கள். அத்தனை ஆண்டுகளை எந்த நம்பிக்கையில் செலவிடுவது என்று அப்பா கேட்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

அப்பாவின் கேள்வியிலேயே தொடங்குகிறேன். அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறுபவருக்கு, 2023 ஜனவரி முதல், மாதம் 37,000 ரூபாயும் இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கிடைக்கின்றன. ஆகவே ஆய்வுக் காலத்தில் வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னான வேலைக்கு எவரும் உறுதி தர இயலாது. போஸ்ட்டாக் முடிப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம், இந்திய அறிவியல் கழகம் ஆகிய எதற்கு முயன்றாலும் தேர்வு மதிப்பெண் வாசல் வரைதான் கொண்டுசெல்லும். நேர்காணலில் பெரும்பாலும் உங்கள் முதுகலை ப்ராஜெக்ட்டிலிருந்தே கேள்விகள் தொடங்கும்: இந்தச் சோதனைக்குக் கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுச் சோதனை) எது, அதை ஏன் வைத்தீர்கள், முடிவு எதிர்மாறாக வந்திருந்தால் என்ன பொருள் கொண்டிருப்பீர்கள்? பாடப்புத்தகம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் இங்கே திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இளங்கலையோடே முனைவர் படிப்பில் சேரலாம். முதலாண்டில் சில ஆய்வகங்களில் மாறி மாறிப் பணியாற்றிப் பார்த்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள், முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியில் பொதுவாக முதுகலை தேவை, காலமும் குறைவு. டிரெஸ்டனின் மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறு செல் உயிரியல் மற்றும் மரபியல் நிறுவனம் உங்கள் விருப்பத்துக்கு நெருக்கமானது. எங்கே ஆனாலும், சேர விரும்பும் ஆய்வகத்தின் இரண்டு கட்டுரைகளையாவது முழுவதுமாகப் படிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

போஸ்ட்டாக்கை வீணாகும் காலமாக எண்ண வேண்டாம். டோக்கியோவில் பட்டம் பெற்ற ஜப்பானிய செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி, அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்து எலியின் கருவுறுதலை ஆராய்ந்தார், அது கைகூடவில்லை. ஈஸ்ட்டுக்கு மாறி, அதன் உட்கருக்களைப் பிரித்தெடுக்கையில், மையவிலக்குக் குழாயின் மேலே மிதந்த வெண்ணிற அடுக்கைக் கவனித்தார். அது பிறர் செல்லின் குப்பைத்தொட்டியாகக் கருதிய வாக்குவோல், அதாவது செல்லுக்குள் இருக்கும் திரவப் பை. ஜப்பான் திரும்பியும் அதை விடவில்லை. 1988இல் தனி ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. செல் தன்னையே செரித்துக்கொள்ளும் முறையைக் கண்டறிந்ததற்கு 2016இல் நோபல் கிடைத்தது. (நோபலைக் காட்டி அப்பாவைச் சமாதானப்படுத்த வேண்டாம், அந்த 43ஐ மட்டும் சொல்லுங்கள்.)

இத்தகைய துறைமாற்றத்துக்கென்றே மனித எல்லை அறிவியல் திட்டம் (HFSP) என்ற பன்னாட்டு நிதி அமைப்பு போஸ்ட்டாக்குகளுக்கு மூன்றாண்டு நிதி வழங்குகிறது. முனைவர் ஆய்விலிருந்து விலகிய புதிய கேள்வியை அது எதிர்பார்க்கிறது. ஆனால் அது உங்களுக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது. இப்போதைக்கு, ப்ராஜெக்ட்டை ஏதேனும் ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாதம் செய்யத் துறைத்தலைவர் அனுமதிப்பாரா என்று இந்த வாரமே கேளுங்கள்.